மறு: மறு: ‘மனித மைய’ என்பதற்கு வேறு சொல் உண்டா?

தண்டையார்பேட்டையிலிருந்து:
அன்பர்களே, கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘மனித மையச் செயற்கை நுண்ணறிவு’ (human-centred AI) என்று எழுதி மாலை வகுப்பில் படித்துக் காட்டினேன். “அந்த மையம் எங்கே இருக்கிறது, சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் அறிந்ததெல்லாம் இ-சேவை மையமும் தேர்வு மையமும்தான். அவள் மீது என்ன குற்றம்?

பெரம்பூரிலிருந்து:
ஐயா, எத்தனை முறை எழுதினேன்! ‘மையம்’ என்பது ‘மத்தியம்’ சிதைந்தது. ‘மனிதன்’ வடசொல். பாவாணர் வழியில் ‘மாந்தன்’ கொள்க. ‘மாந்த நடுவண் நுண்ணறிவு.’ முடிந்தது.

ராயபுரத்திலிருந்து:
‘நடுவண்’ என்றதும் தில்லி அல்லவா நினைவுக்கு வருகிறது! ‘மையம்’ கண்மையோடு தொடர்புடைய தமிழ்ச்சொல்லே என்று நான் முன்பே நீண்ட மடல் எழுதினேன். ஒருவரும் மறுமொழி தரவில்லை. போகட்டும். தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்றுதான். ‘மக்கட்சுட்டு நுண்ணறிவு’ என்போம். அஃறிணை உயர்திணையைச் சுட்டுகிறது!

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
ஐயா, மாணவர்கள் அதை ‘மக்களைச் சுட்டு’ என்று படித்தால் கையேட்டின் கதி என்ன?

சிக்கல் சொல்லில் இல்லை, மறைந்து நிற்கும் வேற்றுமை உருபில் இருக்கிறது. தொகையை விரித்துப் பாருங்கள். பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 9241-210 தரம் பயனரின் தேவையிலிருந்து வடிவமைக்கச் சொல்கிறது: மனிதருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், 14ஆம் பிரிவில், அதிக ஆபத்துள்ள அமைப்புகளை மனிதர் கண்காணிக்கவும் தேவையானால் நிறுத்தவும் வழி வேண்டும் என்கிறது: மனிதரால். தானியக்கமும் மனிதக் கட்டுப்பாடும் சேர்ந்தே உயர முடியும் என்பது கணினி அறிவியலாளர் பென் ஷ்னைடர்மனின் வாதம்: மனிதரோடு. மூன்றில் எதைக் கற்பிக்கிறீர்கள்? காசிமேட்டில் மீன் கிடைக்கக்கூடிய இடத்தைச் செயற்கைக்கோள் தரவு சொல்கிறது; போவதா வேண்டாமா என்பது படகில் இருப்பவர் முடிவு. அது செயற்கை நுண்ணறிவு அல்ல, ஆனால் பிள்ளைகளுக்குப் புரியும். ‘மனிதர்வழி’ என்றால் என்ன?

பெரம்பூரிலிருந்து:
‘வழி’ என்றால் தந்தைவழி, தாய்வழி போல மரபுரிமை ஆகிவிடும். ஏற்கமாட்டேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து:
நான்கு பேர் தனிமடலில் ‘மனித மைய’வே போதும் என்றார்கள். அதையே வைத்துவிட்டேன். மூன்று உருபுகளும் விளக்கத்தில் வருகின்றன, பழைய வண்ணாரப்பேட்டை அம்மாவுக்கு நன்றி. அடிக்குறிப்பு: ‘இது அலுவலகம் அல்ல.’

ராயபுரத்திலிருந்து:
என் மாறுபாட்டைப் பதிவு செய்க. கண்மை மடலுக்கு இன்னும் மறுமொழி வரவில்லை.