உயில் எப்போது எழுதுவது? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

பாளைக்காரன்:
பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எழுதிய உயில் இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. சொத்து விவரம் வேண்டாம், ஒன்றை மட்டும் சொல்கிறேன். நெல் மண்டியில் கணக்கு எழுதினவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்றைக்குக் குளுக்கோஸ் ஏறிய கை வீங்கிவிட்டது என்று, இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார்கள். பிடித்தவர் யார்? வீடு யார் பேருக்கு எழுதியிருந்ததோ அவரேதான். பெரியப்பா கண்ணே திறக்கவில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். மனசறிந்து கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கல்லிடை மருமகள்:
எங்கள் ஆச்சி நேர்மாறு. அப்பளம் போட்டே பிள்ளைகளைக் கரையேற்றினவர். நன்றாக நடமாடும்போதே உயில் எழுதணும் என்றதும் மாமாவுக்குக் கோபம். "அப்போ எங்க மேல நம்பிக்கை இல்ல?" என்று பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். ஆச்சி அசையவில்லை. பத்திர ஆபீசில் சார்பதிவாளர், "யாரும் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" என்று கேட்டார். "இவங்கள இழுத்துட்டு வந்ததே நாந்தான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பதிவு பண்ணிவிட்டால் அப்புறம் யாராலும் அசைக்க முடியாது.

களக்காடு:
வயசானவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அத்தான் நாற்பதைத் தொடவில்லை, நாங்குநேரி பக்கம் பைக் விபத்து. உயில் இல்லை. அவர் சம்பாதித்து வாங்கிய வாழைத் தோட்டம் அத்தை, அக்கா, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு சம பங்கு ஆனது. கடனை அடைக்க விற்கலாம் என்றால், மைனர் பிள்ளைகள் பங்குக்குக் கோர்ட் அனுமதி வேண்டும் என்றார்கள். தார் வெட்டுகிற நேரம். வியாபாரி அட்வான்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனபோது அக்கா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வள்ளியூர் அண்ணாச்சி:
கல்லிடைத் தங்கச்சி, கடைசியாகச் சொன்னது சரியில்லை. பதிவு செய்த உயிலையும் கோர்ட்டில் எதிர்க்கலாம். பதிவு கட்டாயமும் இல்லை, 1908 பதிவுச் சட்டத்தில் அது விருப்பம்தான். பதிவு ஒரு பலம், அவ்வளவுதான். எங்கள் சித்தப்பா உயிலும் பதிவானதுதான், வழக்கு வரத்தான் செய்தது. உயிரோடு இருந்த ஒரு சாட்சி கூண்டில் ஏறி, "என் முன்னாலதான் கையெழுத்துப் போட்டார்" என்று சொன்னதில்தான் நின்றது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 18 வயது முடிந்து புத்தி தெளிவாக இருந்தால் யாரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சி கட்டாயம். உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள், சொத்து வாங்குகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும். பேங்கில் நாமினி போட்டாச்சு என்று இருந்துவிடாதீர்கள், நாமினி பணத்தை வாங்கிக்கொள்கிறவர், வாரிசுகள் வேறு. கல்யாணம், பிள்ளை, வீடு, வளைகுடா வேலை, எது வந்தாலும் அப்போதே எழுதுங்கள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவையும் மாற்றலாம். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கிற தானசெட்டில்மென்ட் அப்படி இல்லை, கொடுத்தால் அன்றைக்கே கைவிட்டுப் போகும். படுக்கையில் இருப்பவர் என்றால் காரணம் காட்டி மனுக் கொடுத்து, பதிவுக்குச் சார்பதிவாளரை வீட்டுக்கே வரவழைக்கலாம். டாக்டரிடம் சுயநினைவு பற்றி ஒரு சான்றும் வாங்கி வையுங்கள்.

பாளைக்காரன்:
அண்ணாச்சி, அந்தச் சான்றைத்தான் எங்கள் வக்கீலும் கேட்டார். யாரும் வாங்கவில்லை. சாட்சி இரண்டு பேரில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னொருவர் அந்தப் பெருவிரலைப் பிடித்தவரின் மச்சினன். அவர் சாட்சியம் எடுபடுமா? அடுத்த வாய்தாவுக்கு அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வள்ளியூர் அண்ணாச்சி:
உறவு என்பதற்காகத் தள்ள மாட்டார்கள் தம்பி. ஆனால் பெரியப்பா மனசறிந்துதான் எழுதித் தந்தார், அதில் சந்தேகம் இல்லை என்று காட்ட வேண்டியது உயிலைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தவர் பொறுப்பு. கையெழுத்துப் போடுகிறவர் ஏன் ரேகை வைத்தார் என்று குறுக்கு விசாரணையில் கேட்கச் சொல்லுங்கள். பெரியப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள்.