முதியோரின் பாட்டு, பின்னல் கூடலுக்கு உங்கள் உதவி தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலை உப்புவெளியில், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள் சிலரை ஞாயிறு மாலைகளில் சனசமூக நிலையத்துக்கு அழைத்து, நாட்டார் பாடல்களைப் பாடவும் பனையோலை பின்னவும் வழி செய்து வருகிறோம். 3000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கலைகள் உடல்நலத்துக்கும் உளநலத்துக்கும் துணைசெய்வதாகக் கூறுகிறது. ஆயினும் எங்களை நம்பவைத்தது, ஒரு மாதமாகப் பேசாமல் மூலையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா, யாரோ தாலாட்டின் அடியொன்றைத் தவறாகப் பாடியதும் சினந்து திருத்தியதுதான். (அன்று முதல் அவரே எங்கள் வாத்தியார்.)

பழைய கூத்துப் பாடல்களை மெட்டுடன் அறிந்த ஒருவர் மாதம் இருமுறையாவது வர இயலுமா? கைநடுக்கம் உள்ளவர்களும் பார்வை குறைந்தவர்களும் சலிப்பின்றிச் செய்யக்கூடிய ஓலை வேலைகள் எவை? ஊன்றுகோலுடன் வரும் இருவருக்கு ஆட்டோ ஒழுங்கும் தேவைப்படுகிறது.

எங்களுக்குப் பெரும் சிக்கலாக இருப்பது ஆண்கள்தான். மனைவியை இழந்தபின் வாசலைத் தாண்டாத சிலர், பின்னுவது பெண்கள் வேலை என்று மறுத்துவிடுகிறார்கள். அவர்களுள் ஒருவர் முன்பு மிருதங்கம் வாசித்தவர் என அறிகிறோம். வற்புறுத்தாமல், இரக்கப்பட்டு அழைப்பதாகத் தோன்றாமல், இத்தகையோரை எவ்வாறு அணுகுவது? முதலில் அவருடைய வீட்டிலேயே நான்கு பேர் கூடிப் பாடலாமா என்றும் யோசிக்கிறோம். இதில் அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து இங்கேயே விரிவாக எழுதுங்கள்.