எக்ஸ் (முன்பு ட்விட்டர்) ஏபிஐ: தேடலில் அடைப்புக்குறி வந்தால் மட்டும் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) ஏன்?

கேள்வி | நூல்கண்டு
நோட் ஜேஎஸ்ஸில் ஓஆத் 1.0ஏ கையொப்பத்தை (ரிக்வெஸ்ட் நம்மிடமிருந்துதான் வருகிறது என்று சர்வருக்குக் காட்டும் குறியீடு) லைப்ரரி இல்லாமல் நானே போடுகிறேன். ட்வீட் போடும் போஸ்ட் ரிக்வெஸ்ட், தமிழ், ஆச்சரியக்குறி எது இருந்தாலும் போய்விடுகிறது. தேடலில் 'மழை' என்றால் 200 (வெற்றி) வருகிறது. '(மழை வெள்ளம்)' என்றால் 401. அதே கீ, அதே டோக்கன். என்கோடிங் (எழுத்துகளை % குறியீடுகளாக மாற்றுவது) முழுக்க ஜாவாஸ்கிரிப்டின் என்கோட்யூஆர்ஐகாம்பொனென்ட் ஃபங்ஷன்தான். தமிழால் வரும் சிக்கலா?

பதில் | அரைப்புள்ளி
தமிழ்மேல் பழி போடாதீர்கள். 'ம' யூடிஎஃப்-8இல் மூன்று பைட். உங்கள் ஃபங்ஷன் அதைச் சரியாகவே மாற்றுகிறது. அது தொடாமல் விடுவது ! ' ( ) * என்ற ஐந்தை. ஓஆத் விதிப்படி இவையும் மாற வேண்டும்: %21, %27, %28, %29, நட்சத்திரத்துக்கு %2 போட்டு பெரிய எழுத்து ஏ. சர்வர் அப்படித்தான் கணக்கிடுகிறது, அதனால் கையொப்பம் பொருந்தவில்லை. என்கோட் செய்தபின் இந்த ஐந்துக்கும் ஒரு ரீப்ளேஸ் போடுங்கள்.

போஸ்ட் தப்பித்தது தற்செயல். ஜேசான் பாடி கையொப்பக் கணக்கில் சேராது. ஃபார்ம் வடிவில் போகும் பாடிதான் சேரும். ஆக உங்கள் என்கோடருக்கு அங்கே சோதனையே நடக்கவில்லை. தேடலுக்கான கெட் (GET) ரிக்வெஸ்டில், யூஆர்எல்லில் கேள்விக்குறிக்குப் பின் வரும் குவெரி பாராமீட்டர் அத்தனையும் சேரும்.

பதில் | வெண்கலப்பூட்டு
கையொப்பத்தை விடுங்கள், பேஸ் ஸ்ட்ரிங்கை (கையொப்பம் கணக்கிடப்படும் மூலச் சரம்) கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். மெத்தட், கேள்விக்குறிக்கு முந்தைய யூஆர்எல், பாராமீட்டர்கள் என மூன்று துண்டு; நடுவே & சரியாக இரண்டே இருக்க வேண்டும். பாராமீட்டர் துண்டு இரண்டு முறை என்கோட் ஆவதால் இடைவெளி %2520 ஆகவும், திறக்கும் அடைப்புக்குறி %2528 ஆகவும் தெரியும். வெறும் %28 தெரிந்தால் ஒரு சுற்று விட்டுப்போயிருக்கிறது.

பாராமீட்டர்களை வரிசைப்படுத்த லோக்கேல்கம்பேர் (மொழி வழக்கப்படி ஒப்பிடுவது) வேண்டாம், பைட் வரிசைதான் வேண்டும். சாதாரண சார்ட் போதும். டைம்ஸ்டாம்ப் நொடியில், 10 இலக்கம். டேட்.நவ் தருவது மில்லிநொடி, 13 இலக்கம்.

நூல்கண்டு
ரீப்ளேஸ் போட்டேன், %2528 வருகிறது. ஆனால் இடைவெளி இருக்கும் இடத்தில் %2B (அதாவது +) நிற்கிறது, இன்னும் 401.

வெண்கலப்பூட்டு
பாராமீட்டர்களை ஜாவாஸ்கிரிப்டின் யூஆர்எல்சர்ச்பாராம்ஸ் வழியாக ஒட்டுகிறீர்கள்போல. அது ஃபார்ம் விதிப்படி இடைவெளியை + ஆக்கும், நட்சத்திரத்தையும் அப்படியே விடும். பெயர், மதிப்பு இரண்டையும் உங்கள் ஃபங்ஷனால் மாற்றி, நீங்களே = போட்டு, & வைத்துச் சேருங்கள். அனுப்பும் யூஆர்எல்லுக்கும் அதே சரத்தையே பயன்படுத்துங்கள்.

அரைப்புள்ளி
இன்னொன்று: பொதுப் பதிவுகளைத் தேட மட்டும்தான் என்றால் ஆப்பின் பேரர் டோக்கனை (ஆப்பை அடையாளம் காட்டும் சாவிச் சரம்) ஹெடரில் வைத்தால் போதும், கையொப்பமே வேண்டாம். பயனர் பெயரில் ட்வீட் போடும் பக்கம் மட்டும் இந்தக் கோடை வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்கண்டு
இப்போது %2520, 200. தேடலை பேரருக்கு மாற்றுகிறேன். நன்றி.