அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் கேட்பது உரிமையா, சலுகையா?

கடல்காற்று:
வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தோழியின் அனுமதியை ரத்து செய்யப்போவதாக ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, முழுக்க அந்த நாட்டு மொழியில். நேரில் போய்க் கேட்டால் மொழி தெரிந்தவரை நீங்களே கூட்டி வாருங்கள் என்கிறார்களாம். ஆனால் அங்குள்ள சிறுபான்மையினருக்கு அவர்கள் மொழியிலேயே படிவம் இருக்கிறது. இது பாகுபாடு இல்லையா? ஐ.நா. உடன்படிக்கையில் மொழி உரிமை இருக்கிறதே?

எழுத்தாணி:
சிறுபான்மையினரின் மொழி உரிமையையும் வெளிநாட்டவரின் நிலையையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்வது 1966ஆம் ஆண்டு குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கை என்று நினைக்கிறேன். அதன் 27ஆம் பிரிவு சிறுபான்மையினர் தங்கள் சமூகத்தாரோடு சேர்ந்து தங்கள் மொழியைப் பயன்படுத்துவது பற்றியது. 14ஆம் பிரிவில் இலவச மொழிபெயர்ப்பாளர் உண்டு, வெளிநாட்டவருக்கும் உண்டு, ஆனால் குற்ற வழக்கில்தான். ஐரோப்பாவின் 1992 சிறுபான்மை மொழிகள் சாசனம் அரசு அலுவலகங்களைப் பற்றி விரிவாகவே பேசுகிறது, ஆனால் குடியேறியவர்களின் மொழிகள் இதில் அடங்காது என்று முதல் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். வேலையும் வீடும் போகக்கூடிய ஒரு கடிதம் புரியாமல் நிற்பவருக்குச் சட்டம் இப்படிக் கைவிரிப்பது அநியாயம்தான்.

நெடுவழி:
ஒரேயடியாகக் கைவிரிக்கிறது என்று சொல்ல முடியாது. இத்தாலியின் போல்சானோ மாகாணத்தில் ஜெர்மன் பேசும் உள்ளூர்க்காரர்கள் வழக்கைத் தங்கள் மொழியில் நடத்தக் கேட்கலாம். அங்கே வழக்கில் மாட்டிய ஓர் ஆஸ்திரிய லாரி ஓட்டுநரும் ஒரு ஜெர்மானியச் சுற்றுலாப் பயணியும் எங்களுக்கும் அது வேண்டும் என்று கேட்டார்கள். கொடுத்தாக வேண்டும் என்று 1998இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஆனால் இது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு, அதுவும் அந்த இடத்தில் ஏற்கனவே உரிமை பெற்ற மொழிக்கு மட்டும். உங்கள் தோழிக்கு உதவுமா என்பது அவர் எந்த நாட்டவர், என்ன மொழி பேசுகிறார் என்பதைப் பொறுத்தது.

தட்டச்சு:
சர்வதேசச் சட்டத்தை விடுங்கள், அரசு அலுவலகங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அந்த நாட்டின் நிர்வாக நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள், விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உதாரணத்துக்கு, பின்லாந்தின் 2003 சட்டப்படி, விவகாரத்தைத் தொடங்கியது அலுவலகமே என்றால், ஃபின்னிஷும் சுவீடிஷும் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பு ஏற்பாடு செய்வதும் அலுவலகத்தின் பொறுப்பு. ரத்து என்பது அவர்களாகத் தொடங்கியதுதானே! இதுபோல் விதி இருந்தால் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் பதிவே இருக்காது.

அப்புறம் ஒன்று, கடிதத்தில் பதில் தரவோ மேல்முறையீடு செய்யவோ கெடு போட்டிருப்பார்கள், மொழி புரியவில்லை என்பதற்காக அது தானாக நிற்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். முதலில் அந்தத் தேதியை யாரிடமாவது படித்துக் கேட்டு, அதற்குள் இரண்டு வரியிலாவது ஆட்சேபம் அனுப்பி, பெற்றதற்கு ரசீது வாங்கச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்றால், எனக்கு வாசித்து விளக்கப்படவில்லை என்று கையெழுத்துக்கு மேலே தன் மொழியிலேயே எழுதட்டும்.

கடல்காற்று:
நன்றி. கெடு தேதியை இன்றைக்கே பார்க்கச் சொல்கிறேன். நடைமுறைச் சட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, பிரிவு கிடைத்தால் இங்கேயே போடுகிறேன்.