மறு: தூளியின் முகட்டுக்கயிறு – வேறு நல்ல சொல் உண்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் தைத்த முகாம் தூளியை, அதாவது இரண்டு மரங்களுக்கு இடையே கட்டிப் படுக்கும் துணியைத் திருத்தி வசதியாகப் படுப்பது எப்படி என்று சிறு கையேடு ஒன்று எழுதி வருகிறேன். 'ரிட்ஜ்லைன்' என்ற இடத்தில் வந்து நிற்கிறேன். தூளியின் தலைமுனையையும் கால்முனையையும் இணைத்து, படுப்பவருக்கு மேலே ஓடும் மெல்லிய கயிறு அது. அப்படியே மொழிபெயர்த்தால் 'கட்டமைப்பு முகட்டுக்கோடு' என்று வருகிறது. பாலம் கட்டுகிறவர்கள் பேச்சு மாதிரி இருக்கிறது. 'முகட்டுக்கயிறு' என்று சுருக்கிக்கொள்ளலாமா? அப்புறம், படுத்திருக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே துணியில் எழும் மேடான 'காஃப் ரிட்ஜ்' என்பதற்கும் ஒரு சொல் தேவை.

* * *

வணக்கம்.

> 'முகட்டுக்கயிறு' என்று சுருக்கிக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பேன். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு கயிற்றுக்குப் போய்விட்டது. தூளிக்கு மேலே மழைக்குத் தார்ப்பாய் கட்டுகிறோமே, அதன் நடுவைத் தாங்கிக்கொண்டு மரத்துக்கு மரம் போகிற கயிறுதான் முகட்டுக்கயிறு. அங்கே முகடு இருக்கிறது, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிகிறது. தூளிக்குள் ஓடும் கயிற்றுக்குக் கூரையும் இல்லை, முகடும் இல்லை. ஒரே கையேட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால், தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டச் சொல்லும் வரியைப் படித்துவிட்டு தூளிக் கயிற்றை இழுப்பவர் நிச்சயம் இருப்பார்.

இழுத்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முக்கியம். தூளியில் படுப்பதே ஒரு கோணக்கணக்கு. துணியின் நடுக்கோட்டில் நேராகப் படுத்தால் முதுகு வளையும், முழங்கால் பின்பக்கமாக நீட்டி வலிக்கும், தோள்கள் இரண்டு பக்கமும் நெருங்கும். தலையை ஓர் ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் கொண்டுபோய் மூலைவாட்டாகப் படுத்தால் முதுகுக்கு மட்டமான தளம் கிடைக்கிறது. ஆனால் மூலைவாட்டாகத் திரும்ப வேண்டுமானால் துணியில் போதுமான தொய்வு இருக்க வேண்டும். இழுத்துக் கட்டிய தூளியில் எப்படித் திரும்பினாலும் துணி ஆளை நடுவுக்கே உருட்டிவிடும். புதிதாகத் தைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கட்டிலைப் போல மட்டமாக வர வேண்டும் என்று இழுக்க இழுக்க, படுக்கை மோசமாகிக்கொண்டே போகும்.

நாம் பேசும் கயிற்றின் வேலை இந்தத் தொய்வைப் பிடித்து வைப்பது. துணியின் நீளத்தில் சுமார் 83 விழுக்காடு இருக்கும்படி அதை வெட்டிக் கட்டுவது வழக்கம். துணி 335 செ.மீ. என்றால் கயிறு ஏறக்குறைய 278 செ.மீ. இரண்டு முனைகளும் அதற்கு மேல் விலக முடியாது. ஆகவே மரங்கள் நெருங்கி நின்றாலும் தள்ளி நின்றாலும் துணி ஒரே அளவில்தான் தொய்யும். ஒருமுறை சரியான நீளம் கண்டுபிடித்துவிட்டால் போகிற இடமெல்லாம் அதே படுக்கை. நீளாத கயிறாக இருக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். 2.5 அல்லது 3 மி.மீ. டைனீமா (எளிதில் நீளாத செயற்கை இழைக் கயிறு) போதும். சாதாரண பாராகார்டு என்ற நைலான் கயிறு எடையில் நீண்டு, அளந்து வைத்த நீளத்தை அர்த்தமில்லாமல் ஆக்கிவிடும்.

இந்தக் கயிறு விறைத்து நிற்க வேண்டியதே இல்லை. தூளியில் படுத்துக்கொண்டு கட்டைவிரலாலும் இரண்டு விரல்களாலும் அதைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். கொஞ்சம் வளைந்துகொடுத்தால் சரி. கம்பி மாதிரி நின்றால், மரத்திலிருந்து வரும் வார்கள் மட்டமாகப் போகின்றன என்று பொருள். மரத்தில் இன்னும் உயரமாகக் கட்ட வேண்டும். வார்கள் கிடைமட்டத்துக்கு 30 பாகைச் சாய்வில் வந்தால் 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு வாரிலும் ஏறும் இழுவை அதே 80 கிலோ. சாய்வு 15 பாகையானால் அது 155 கிலோவை நெருங்குகிறது, 10 பாகையில் 230. மிகையான கிடைமட்ட இழுவையை வாங்கிக்கொள்வது இந்த மெல்லிய கயிறுதான்.

ஆக, கயிறு எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு அது எதைக் காக்கிறது என்பதை வைத்துப் பெயர் சொல்வோம். 'தொய்வுக்கயிறு' என்பது என் முன்மொழிவு.

> 'காஃப் ரிட்ஜ்' என்பதற்கும் ஒரு சொல் தேவை.

இதற்கு 'கெண்டைவரப்பு'. மூலைவாட்டாகப் படுத்தவர் உடலின் எடையில் துணி ஒரு பக்கம் தலைக்கும் எதிர்ப்பக்கம் காலுக்கும் தாழ்கிறது. இடையில் எடை விழாத இழைகள் முனைக்கு முனை விறைத்து, கெண்டைக்காலுக்குக் கீழே நீளமாக எழுந்து நிற்கின்றன. இரண்டு பள்ளத்துக்கு நடுவே மேடாக ஓடுவதை வயலில் என்ன சொல்கிறோமோ அதேதான். அரைமணி நேரம் ஒன்றும் தெரியாது. நடு இரவில் கெண்டைக்கால் மரத்துப்போய் எழுப்பிவிடும்.

வரப்பைக் குறைக்க முதலில் செய்ய வேண்டியதற்குத் தையலே வேண்டாம்: கால்முனையைத் தலைமுனையைவிட 20, 25 செ.மீ. உயர்த்திக் கட்டினால் உடம்பு கால் பக்கம் சறுக்குவது நிற்கும். அடுத்தது முழங்காலுக்கு அடியில் சுருட்டிய மேல்சட்டை. இதிலும் தீராவிட்டால்தான் துணியில் கை வைக்க வேண்டும். கால்முனைக் கட்டை அவிழ்த்து, துணியைத் திரும்பக் கொசுவும்போது இரண்டு ஓரங்களையும் கட்டுக்கு வெளியே ஐந்தாறு செ.மீ. கூடுதலாக இழுத்துவிட்டுக் கட்டுங்கள். ஓரம் குட்டையாகும், அந்த அளவுக்கு நடு இழைகள் தளரும். பிடித்திருந்தால் பிறகு அதே வளைவில் வெட்டித் தைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அவிழ்த்துவிடலாம். முதல் நாளே கத்தரிக்கோலை எடுப்பவர்களுக்கு என் அனுதாபம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தீர்வு உண்டு, அது நீளமான, அகலமான துணி. 270 செ.மீ. துணியை என்ன திருத்தினாலும் ஆறடி ஆளுக்கு அது குட்டைதான்.

* * *

வணக்கம் ஐயா.

கெண்டைவரப்பு அருமை, அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தொய்வுக்கயிறுதான் இடிக்கிறது. தொய்வுக்கயிறு என்றால் தொய்ந்து கிடக்கும் கயிறு என்றே முதலில் காதில் விழுகிறது. தொய்வது துணி, கயிறு அல்லவே.

நான் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். தூளியைப் பக்கவாட்டில் வரைந்தால் துணி ஒரு வில். வில்லின் இரண்டு முனைகளை இணைக்கும் நேர்கோட்டுக்குப் பள்ளிப் பாடநூலிலேயே பெயர் இருக்கிறது: நாண். வட்டத்தின் நாண் என்று எல்லாரும் படித்ததுதான். தூளியின் வடிவம் சரியான வட்டவில் இல்லை என்று தெரியும், ஆனாலும் முனையிலிருந்து முனைக்கு நேர்கோடு என்பது பொருந்துகிறது. ஓர் எழுத்துக்கு மேல் ஓர் எழுத்து, அவ்வளவுதான் சொல். 'நாண்' போதாதா?

* * *

அம்மா, நாண் என்பது எனக்குத் தோன்றாமல் போன நல்ல சொல். வில்லும் நாணும் சேர்ந்தால் படமே தேவையில்லை. துணியின் நீளத்துக்கும் கயிற்றின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை 'நாண் விகிதம்' என்று ஒரே வீச்சில் சொல்லிவிடலாம். முகட்டுக்கயிற்றை வைத்துக்கொண்டு அது முடியாது.

தனியாக விடத்தான் தயக்கம். நாண் என்றதுமே ஏற்றுவது, இழுப்பது, தெறிப்பது எல்லாம் கூடவே வந்துவிடும். எதைத் தவிர்க்க வேண்டும் என்று முகட்டுக்கயிற்றைத் தள்ளினோமோ அதுவே பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. அதனால் இரண்டையும் சேர்த்து 'தொய்வுநாண்' என்று வைத்துக்கொள்வோமா? நாண் என்பதால் தொய்ந்து கிடக்கும் பொருள் என்ற குழப்பம் வராது. தொய்வு முன்னால் நிற்பதால் அது எதற்காக என்பதும் மறக்காது. முதல் தடவை தொய்வுநாண், அப்புறம் அதே பக்கத்தில் வெறும் நாண்.

எந்தக் கலைச்சொல்லையும் ஒரு வேலை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்: "நாணைக் குறுக்கினால் தொய்வு கூடும், நீட்டினால் குறையும். முதலில் நீளத்தை மாற்றத்தக்க நாணாகக் கட்டி, இரண்டு கை அகலம் கூட்டிக் குறைத்துப் படுத்துப் பாருங்கள். உடம்புக்குப் பிடித்த நீளம் கிடைத்ததும் நிலையான நாண் கட்டுங்கள்." தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. இதே இடத்தில் 'கட்டமைப்பு முகட்டுக்கோட்டைக் குறுக்கினால்' என்று படித்துப் பாருங்கள்.

மற்ற உறுப்புகளுக்கும் இப்போதே பெயர் வைத்துவிடலாம். துணியின் முனையை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக் கட்டுவதற்குக் 'கொசுவமுனை'. கொசுவுதல் தெரியாத தமிழர் இல்லை. நாணில் கொசுவலையும் தொங்கும் என்பதால் இரண்டும் ஒரே வரியில் வந்து சிரிப்பு மூட்டலாம், பரவாயில்லை. மரத்துக்கும் தூளிக்கும் இடையில் உள்ளது 'தாங்குவார்', கயிறானால் 'தாங்குகயிறு'. தயவுசெய்து யாரும் தூக்குக்கயிறு என்று எழுதிவிட வேண்டாம். முகத்தருகே மடிந்து விழும் ஓரத்தை இழுத்துப் பிடிக்கும் மீள்கயிற்றுக்கு 'ஓர இழுவை' போதும்.

* * *

அனைவருக்கும் நன்றி. கையேட்டில் இப்படி எழுதியிருக்கிறேன், திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

தொய்வுநாண்: தூளியின் இரண்டு கொசுவமுனைகளையும் இணைக்கும் நீளாத கயிறு. முனைகள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் விலகாமல் தடுத்து, துணியின் தொய்வை ஒரே அளவில் வைத்திருக்கும். ஆள் படுத்திருக்கும்போது விரலால் வளைக்க வர வேண்டும்.

'கொடி' என்று ஒருவர் தனிமடலில் சொல்லியிருந்தார், விளக்கும் வலையும் அதில்தான் தொங்குகின்றன என்று. தொங்கவிடுவது அதன் உபவேலை என்பதால் எடுத்துக்கொள்ளவில்லை. மூலைவாட்டாகப் படுப்பதற்குத் தனிச்சொல் தேவையா, 'மூலைவாட்டுக் கிடை' என்று பெயர்ச்சொல்லாக்க வேண்டுமா என்பது இன்னும் முடிவாகவில்லை. வினையாகவே விட்டால் போதும் என்று எனக்குப் படுகிறது.

* * *

பெயர்ச்சொல் தேவைப்படும். 'இடமூலைக் கிடை', 'வலமூலைக் கிடை' என்று பிரித்துச் சொல்லாமல் ஓர இழுவையை எந்தப் பக்கம் தைப்பது என்று எப்படி எழுதுவீர்கள்? தலை எந்த ஓரத்துக்குப் போகிறதோ அதை வைத்துப் பெயர் சொல்லுங்கள், கால் தானாக எதிர்ப்பக்கம் போய்விடும்.