பீர் நொதிக்கும் இடத்தில் நேரில் கண்டவை: அனுபவப் பகிர்வு

பெர்கன்வாசி:
நார்வேயின் வோஸ் பகுதியில் குவைக் என்னும் பண்ணை ஈஸ்ட்டைக் கொண்டு வீட்டிலேயே பீர் வடிக்கிறார்கள் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான் என்பதால் முன்கதையை விட்டுவிடுகிறேன். உடன் வேலை பார்ப்பவரின் பெரியப்பா, ஜூனிப்பர் என்னும் ஊசியிலைச் செடியின் கிளைகள் ஊறிய வெந்நீரில் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஊறவைத்து இறக்கிய சாற்றை, விறகடுப்பின் மீது செப்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, கைவிரலுக்கு இளஞ்சூடாக உறைக்கும் நிலைக்கு மட்டும் ஆறவிட்டார். வெப்பமானி 39 பாகை காட்டியது. குடுவையிலிருந்த ஈஸ்ட்டை ஊற்றிய அதே நொடியில் அந்த எழுபது வயது மனிதர் தொண்டை கிழியக் கத்தினார். கத்தாமல் ஈஸ்ட் இட்டால் பீர் சோம்பலாகிவிடும் என்று சொல்லி என் பக்கம் திரும்பி, நீயும் கத்து என்றார். என் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மூடியை எடுத்து மூடினார். இரண்டு நாளில் பீர் நன்றாகவே வந்தது. ஆனாலும் அந்த மூடி விழுந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

அந்தர்லெக்ட் பயணி:
பெர்கன் நண்பர் ஈஸ்ட் ஊற்றியதைப் பற்றி எழுதுகிறார். நான் கண்டது ஈஸ்ட்டையே ஊற்றாத இடம். பிரசெல்ஸில் 1900ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கான்டியோன் ஆலையின் பரணில், முழங்கால் உயரம்கூட இல்லாத அகன்ற செப்புத் தொட்டியில், முளைகட்டாத கோதுமையும் பார்லி மால்ட்டும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை இரவு முழுவதும் திறந்தே வைத்து, காற்றில் வருவது எதுவோ அதையே விழவிடுகிறார்கள். குளிர்மாதங்களில் மட்டுமே இது நடக்கும், ஏனெனில் கோடையில் வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். கசப்பு போகும்வரை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்ட பழைய ஹாப்ஸைத்தான் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) சேர்க்கிறார்கள். அதன் வேலை மணம் தருவதன்று, கெடாமல் காப்பது. பீப்பாய்களுக்கு நடுவே நடந்தபோது முகத்தில் ஒட்டிய ஒட்டடையை விலக்கக் கையை உயர்த்தினேன். உடன் வந்த பெண்மணி என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பழ ஈக்களைத் தின்னும் சிலந்திகள் அங்கே வேலையாட்கள் போலத்தானாம். வீட்டில் ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் அந்தப் பிடி நினைவுக்கு வருகிறது.

நியூஜெர்சி சமையலறை:
என் கதை சிறியது. 23 லிட்டர் சைசான் என்னும் பெல்ஜிய வகைப் பீரைப் புட்டியில் அடைத்து, மளிகை அலமாரியின் அடித்தட்டில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூன்றாம் வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு நான்கு புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. யாரோ கதவை உடைக்கிறார்கள் என்று மனைவி பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். இட்லி அரிசி மூட்டையின் சாக்கைத் துளைத்து ஒரு கண்ணாடிச் சில்லு உள்ளே போயிருந்தது. மூட்டையை அன்றே தூக்கிப் போட்டுவிட்டோம், ஆனால் இன்றும் அரிசி களையும்போது என் விரல்கள் தயங்குகின்றன.

மூத்த வடிப்பாளர்:
எனக்கும் ஒருமுறை ஒரு புட்டி வெடித்தது, அதை விடுங்கள். நியூஜெர்சி நண்பர் செய்த தவறு அவசரம். நொதித்தல் முடிந்துவிட்டதா என்பதைக் குமிழியைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. பீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு வந்த பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். புட்டியில் வாயு உண்டாகப் பிறகு சேர்க்கும் சர்க்கரை லிட்டருக்கு ஆறு கிராம் அளவில் இருக்கட்டும், அதையும் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்து, கொதிநீரில் கரைத்து, மொத்தப் பீரிலும் ஒருசேரக் கலக்க வேண்டும், இல்லையேல் ஒரு புட்டி சப்பென்றும் அடுத்த புட்டி வெடிகுண்டாகவும் இருக்கும். புட்டிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். பெர்கன் நண்பருக்கும் ஒரு சொல்: 39 பாகையில் ஈஸ்ட் இடுவதைப் புதியவர்கள் படித்துவிட்டுச் செய்யப்போகிறார்கள், ஏல் என்னும் பீர்வகைக்கான சாதாரண ஈஸ்ட்டை அந்தச் சூட்டில் இட்டால் பீரில் தின்னர் வாடை அடிக்கும், மறுநாள் தலை பிளக்கும்.

நியூஜெர்சி சமையலறை:
ஐயா, நான் யோசனை கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மூன்று நாள் அளந்தேன். மூன்று நாளும் 1.012. சர்க்கரையையும் தராசில்தான் நிறுத்தேன். பல சைசான் ஈஸ்ட்டுகள் டயாஸ்டாட்டிகஸ் வகையைச் சேர்ந்தவை என்பது பின்னர்தான் தெரிந்தது: மற்ற ஈஸ்ட்டுகள் தொடாமல் விட்டுவிடும் டெக்ஸ்ட்ரின் என்னும் மாவுச்சத்துத் துண்டுகளையும் நொதி சுரந்து உடைத்து, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். பாதியில் சற்று நின்று மறுபடி தொடங்குவதும் அவற்றின் வழக்கம். நீங்கள் சொல்லும் விதிப்படி நடந்த பீர்தான் என் அலமாரியில் வெடித்தது.

வடமராட்சிப் பேரன்:
ஈஸ்ட்டை ஊற்றாத இடம் என்று அந்தர்லெக்ட் பயணி எழுதியதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஊற்றுவதில்லை என்பது சரி. காற்றிலிருந்து மட்டுமே வருகிறது என்பது பாதிதான். பீப்பாய் மரத்தின் இடுக்குகளில் பிரெட்டனோமைசிஸ் என்னும் காட்டு ஈஸ்ட் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறது. எங்கள் ஊரில் பனையிலிருந்து இறக்கும் கள்ளும் அப்படித்தான்: சுண்ணாம்பு பூசிய முட்டியில் (கள் இறக்கும் மண்கலம்) இறங்கினால் இனிப்பான கருப்பநீர், பூசாத பழைய முட்டியில் இறங்கினால் மரத்திலிருந்து இறக்கும்போதே புளித்த கள். முட்டியில் தங்கிய பழைய கள்தான் விதை. எட்டு வயதில், தாத்தா வாங்கிவந்த முட்டியைக் காதோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளே யாரோ கிசுகிசுப்பது போல இரைந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து லண்டனில் முதன்முதலாக ஒரு பீர் வாளியை மூடிவைத்த இரவு அதே இரைச்சலைக் கேட்டபோது, விளக்கைப் போடாமல் அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெர்கன்வாசி:
மூத்தவர் சொன்னது சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்குப் பொருந்தும். வோஸ் குவைக்குக்கு அந்தச் சூடுதான் இயல்பு, ஆறவைத்தால் அது மந்தமாகிவிடும். வடமராட்சி நண்பரின் முட்டியைப் போலவே, அந்தப் பெரியவரின் வீட்டுச் சுவரில் மரத்துண்டுகளைக் கோத்த பழைய வளையம் ஒன்று தொங்கியது. முன்பு அதை நுரையில் தோய்த்து உலர்த்தி அடுத்த முறைக்கு எடுத்துவைப்பார்களாம். எனக்குக் கொஞ்சம் குவைக்கைத் தாளில் உலர்த்திக் கொடுத்தனுப்பினார். உறைபெட்டியில் இருக்கிறது. இதுவரை எடுக்கவில்லை, கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.