ஆறு சக்கர டிரெல் பி34: முன்பக்கப் படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. 1976-ல் ஓடிய டிரெல் பி34 என்ற ஃபார்முலா 1 பந்தயக் காரின் மாடல் ஒன்றை பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டி ஒட்டிச் செய்துகொண்டிருக்கிறேன். உடல் பகுதி முடிந்துவிட்டது. முன்சக்கரங்களில் வேலை அப்படியே நிற்கிறது.

இதை வெறும் விநோத வண்டி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதை வடிவமைத்த டெரெக் கார்ட்னரின் யோசனை அவ்வளவு தெளிவானது: பெரிய முன்டயர்கள் காற்றில் துருத்திக்கொண்டு நிற்கின்றன, அவற்றுக்குப் பதில் 10 அங்குலச் சக்கரங்கள் நான்கை மூக்குப் பகுதிக்குப் பின்னால் மறைத்துவிடலாம். தரையைப் பிடிக்க நான்கு டயர்கள் இருப்பதால் பிடிமானமும் கூடும். 1976 ஸ்வீடன் பந்தயத்தில் இந்த வண்டியை ஓட்டிய ஷெக்டர் முதலிடம், டெபாய்யே இரண்டாமிடம். அந்தச் சின்ன டயர்களின் தொழில்நுட்ப வளர்ச்சி மற்ற டயர்களுக்கு ஈடுகொடுக்காமல் போனதும், 1977-ல் வண்டியின் எடை கூடியதும்தான் அதன் கதையை முடித்தன.

காக்பிட் பக்கவாட்டில் சிறிய ஜன்னல் வைத்திருப்பார்கள், ஓட்டுநர் முன்சக்கரங்களைப் பார்ப்பதற்காக. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்!

சரி, எனக்கு வேண்டியவை: மேல்மூடியைக் கழற்றிய நிலையில் முன்பக்கப் படங்கள், ஸ்டியரிங் அசைவு இரண்டாவது ஜோடிச் சக்கரங்களுக்குப் போகும் இணைப்பு, பிரேக்குக்குக் காற்று போகும் குழாய்கள். பழைய பத்திரிகைகளில் வந்த குறுக்குவெட்டுப் படம் இருந்தாலும் போதும். 1977 வண்டியின் முன்பக்கம் வேறு மாதிரி, அதனால் எந்த ஆண்டுப் படம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம், இந்த மாடலை ஏற்கெனவே செய்தவர்கள் இருந்தால் அந்தச் சின்ன டயர்களை எதில் செய்தீர்கள்?